சுண்ணாம்புக்கல்லில் சுரங்கப்பாதை: ஆர்எம்ஆர் 67 வந்திருக்கிறது, நம்பலாமா?

இளம்பாறை (திங்கள், இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகப் பொறியியல் நிலவியல் வேலையில் இருக்கிறேன். இதுவரை பார்த்ததெல்லாம் கிரானைட், நைஸ். இப்போதுதான் முதல் முறையாகச் சுண்ணாம்புக்கல் கைக்கு வந்திருக்கிறது. 1.9 கி.மீ. நீளச் சாலைச் சுரங்கப்பாதை, வெடிவைத்துத் தோண்டப் போகிறார்கள். தலைக்கு மேல் 25 மீட்டரிலிருந்து 170 மீட்டர் வரை பாறை. ஏழு போர்ஹோல் (ஆய்வுத் துளை) போட்டோம், எல்லாம் செங்குத்து, எச்க்யூ அளவு.

பாறை சாம்பல் நிறம், நல்ல இறுக்கம். அமுக்க வலிமை சராசரி 85 மெகாபாஸ்கல். ஆர்க்யூடி (துளைத்த நீளத்தில் 10 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகளாக வந்த பாறையின் சதவீதம்) சராசரி 80. பிளவுகளுக்கு இடையே அரை மீட்டர் போல. ஆர்எம்ஆர் (பாறையின் தரத்துக்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண்) போட்டுப் பார்த்தேன்: வலிமைக்கு 7, ஆர்க்யூடிக்கு 17, இடைவெளிக்கு 10, பிளவின் நிலைக்கு 25, நிலத்தடி நீருக்கு 10. மொத்தம் 69. பிளவின் திசைக்காக 2 கழித்தால் 67. இரண்டாம் வகுப்பு, 'நல்ல பாறை'. வடிவமைப்பாளருக்கு ஒரே சந்தோஷம்.

எனக்குத்தான் இரண்டு விஷயம் உறுத்துகிறது. நான்காம் துளையில் 61 முதல் 64 மீட்டர் வரை துளைத்ததில் 60 செ.மீ. கோர் (துளையிலிருந்து எடுக்கும் பாறை உருளை) மட்டும்தான் பெட்டிக்கு வந்திருக்கிறது. பதிவேட்டில் 'கோர் இழப்பு' என்று இரண்டே வார்த்தை. அந்த இடத்தில் சுரங்கக் கூரை 66 மீட்டரில் வருகிறது. ஆறாம் துளையில் 38 மீட்டருக்குக் கீழே போனதும் டிரில்லிங் தண்ணீர் மேலே திரும்பவே இல்லை. மேலதிகாரியிடம் கேட்டால் "சுண்ணாம்புக்கல் என்றால் அப்படித்தான்" என்கிறார். அறிக்கையில் இதை எப்படி எழுதுவது?

கோர்பெட்டி (திங்கள், இரவு 11:15)

உறுத்துகிறது என்றீர்களே, அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். உங்கள் 67 பெட்டிக்குள் வந்து சேர்ந்த பாறையைப் பற்றிச் சொல்கிறது. சுரங்கத்தில் ஆளைக் கொல்வது பெட்டிக்கு வராத பாறை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எச்க்யூ கோர் 63.5 மி.மீ. விட்டம். ஏழு செங்குத்துத் துளை. பாதையின் நீளவாக்கில் கூட்டினால் 45 செ.மீ. கூட வராது. 1,900 மீட்டரில் நீங்கள் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். கிரானைட்டில் இதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம், இரண்டு துளைக்கு நடுவிலும் பாறை ஏறக்குறைய அதே குணத்தோடு இருக்கும். சுண்ணாம்புக்கல்லில் முழுப் பாறையும் கண்ணாடி மாதிரி நன்றாக இருக்க, ஒரே ஒரு பிளவு மட்டும் லட்சக்கணக்கான வருடம் தண்ணீர் குடித்துக் குகையாகியிருக்கும்.

இன்னொன்று பலருக்கும் உறைப்பதில்லை. பாறை நல்லதாக இருப்பது குகை இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பெரும்பாலும் நேர் எதிர். பிளவுகள் நெருக்கமாக இருந்தால் தண்ணீர் ஆயிரம் வழியில் பிரிந்து போகும், எந்த வழியும் பெரிதாக அகலாது. பிளவுகள் தள்ளித் தள்ளி இருந்தால் கிடைத்த ஒன்றிரண்டு வழியிலேயே எல்லாத் தண்ணீரும் ஓடி அதையே அரிக்கும். அப்படி அரித்த வெற்றிடம் இடிந்து விழாமல் நிற்பதற்கும் வலுவான, தடித்த படுகைப் பாறைதான் வேண்டும். பெரிய குகைகள் பெரும்பாலும் ஆர்எம்ஆர் நன்றாக வரும் பாறையில்தான் இருக்கின்றன.

இப்போது அந்த 61–64. மூன்று மீட்டரில் 60 செ.மீ. கோர் என்றால், வந்த துண்டு எல்லாமே 10 செ.மீ.க்கு மேல் இருந்தாலும் ஆர்க்யூடி 20-ஐத் தாண்டாது. சராசரி 80-க்குள் அது கரைந்து போய்விட்டது. கோர் இழப்பு மூன்று காரணத்தால் வரலாம்: வெற்றிடம், களிமண் நிரம்பிய குழி, இல்லையென்றால் நொறுங்கிய பாறையை பிட் (துளைக்கும் முனை) அரைத்துத் தள்ளியிருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பெட்டியைத் திறந்து 61-க்கு மேலேயும் 64-க்குக் கீழேயும் இருக்கும் துண்டுகளின் முனையைப் பாருங்கள். முனை வழவழப்பாக, குண்டும் குழியுமாக, பழுப்புக் கறையோடு இருந்தால் அங்கே தண்ணீர் தின்றிருக்கிறது. பளிச்சென்று கூராக உடைந்திருந்தால் டிரில்லிங்கில் உடைந்தது.

ஒரு கேள்வி: நீருக்கு 10 கொடுத்தது எதை வைத்து?

இளம்பாறை (செவ்வாய், காலை 7:05)

துளை போட்டபோது கோர் ஈரமாகத்தான் இருந்தது என்று வைத்தேன் சார். கோடையில் போட்டது. இப்போது எழுதும்போதே தப்பு தெரிகிறது.

ரிக்மேன் (செவ்வாய், காலை 7:50)

நான் இருபது வருடமாக ரிக் (துளை போடும் இயந்திரம்) ஓட்டுகிறவன். படிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை, அதனால் இந்த மாதிரி இழைகளில் எட்டிப் பார்ப்பதோடு சரி. இதில் மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தம்பி, பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்தத் துளையைப் போட்ட ஆளைப் பிடியுங்கள். 61 மீட்டரில் என்ன நடந்தது என்பது அவர் கைக்குத் தெரியும். வெற்றிடம் என்றால் ராட் தடாலென்று இறங்கும், வயிற்றைக் கலக்கும், யாரும் மறக்க மாட்டார்கள். களிமண் என்றால் மெத்தென்று தன் எடையிலேயே அமுங்கும், தண்ணீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ திரும்பும், பிட்டை வெளியே எடுத்தால் சேறு அப்பியிருக்கும். நொறுங்கிய பாறை என்றால் ராட் கடகடவென்று ஆடும். எங்களில் முக்கால்வாசிப் பேர் இதைச் சொந்த நோட்டில் குறித்து வைத்திருப்போம். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒருமுறை ஒரு வேலையில் மூன்று இடத்தில் ராட் விழுந்ததை எழுதிக் கொடுத்தேன். அச்சான அறிக்கையில் மூன்றும் 'கோர் இழப்பு' ஆகியிருந்தது. நீங்கள் சொல்லும் அதே இரண்டு வார்த்தை.

கணக்கன் (செவ்வாய், காலை 10:30)

எல்லோரும் ஆர்எம்ஆரைப் போட்டு அடிக்கிறீர்கள். கொஞ்சம் நியாயமாகப் பேசுவோம். 1973-இல் பீனியாவ்ஸ்கி கொண்டுவந்த முறை, 1989-இல் திருத்திய வடிவம்தான் இன்று எல்லோரும் போடுவது. ராக் போல்ட் எவ்வளவு நெருக்கம், ஷாட்கிரீட் (பாறைமேல் பீய்ச்சும் கான்கிரீட்) எவ்வளவு தடிமன், ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் முன்னேறலாம் என்று முடிவெடுக்க உதவுவது அது. 'குகை இருக்கிறதா' என்று அதனிடம் யார் கேட்கச் சொன்னார்கள்? பார்ட்டன் குழுவின் 1974 க்யூ முறையும் (இன்னொரு பாறை வகைப்பாடு) அதே கதைதான். நீருக்கு 10-க்குப் பதில் 0 போட்டால் 57 வரும், மூன்றாம் வகுப்பு. போல்ட் கொஞ்சம் கூடும். குகை அப்படியே அங்கேயேதான் இருக்கும்!

வகைப்பாடு வேறு, அபாய மதிப்பீடு வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்து, பயத்தில் பாதை முழுக்க ஐந்தாம் வகுப்பு என்று எழுதினால் செலவு எகிறும். பிறகு எந்த அறிக்கையையும் எவரும் மதிக்க மாட்டார்கள். அந்த மாதிரி பயந்து எழுதிய அறிக்கைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கோர்பெட்டி (செவ்வாய், மதியம் 1:10)

கணக்கன் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. 67 இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு மதிப்பீடு உட்காரவில்லை என்பதுதான் என் புகார். வால்தாம், ஃபூக்ஸ் இருவரும் 2003-இல் கார்ஸ்ட் நிலத்தை (தண்ணீர் பாறையைக் கரைத்துக் குகையும் பள்ளமும் ஆக்கிய நிலம்) ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள்: இளம் நிலையில் தொடங்கி அதீத நிலை வரை. தரைமேல் எத்தனை குழிவுப் பள்ளம், பாறையின் தலை எவ்வளவு மேடுபள்ளம், குகைகள் எவ்வளவு அகலம் என்பதை வைத்து வகுப்பு விழும். ஒரே பாறைக்கு ஆர்எம்ஆர் இரண்டாம் வகுப்பும் கார்ஸ்ட் நான்காம் வகுப்பும் சேர்ந்தே வரலாம், முரண்பாடு இல்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டால் படிப்பவர் எதையும் தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

ஊற்றுக்கண் (செவ்வாய், இரவு 8:20)

நிலத்தடி நீர் என் துறை என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளம்பாறை, கோர் ஈரமா காய்ந்ததா என்பதை மறந்துவிட்டு மலையை ஒரு முறை சுற்றி வாருங்கள். ஊற்று எங்கெல்லாம் வெளியே வருகிறது, அதன் மட்டம் என்ன, மழைநீர் எங்கே திடீரென்று தரைக்குள் மறைகிறது. சுரங்கப்பாதையின் மட்டம் ஊற்றின் மட்டத்துக்கு மேலா கீழா என்பதுதான் முதல் கேள்வி. கீழே என்றால் நிரந்தரமாக நீரழுத்தத்துக்குள் தோண்டுகிறீர்கள், பத்து மீட்டர் நீருக்கு ஏறக்குறைய ஒரு பார் என்று கூட்டிக்கொண்டே போங்கள். மேலே என்றால் நிம்மதி என்று நினைக்கக்கூடாது. அங்கே பழைய வறண்ட குகைகளும் களிமண் அடைத்த குழாய்களும் இருக்கும், எட்டு மாதம் சொட்டுத் தண்ணீர் வராது, ஒரு கனமழையில் திறந்துகொள்ளும்.

ஊற்றே நிறைய பேசும். மழை பெய்த சில மணி நேரத்தில் பெருகிக் கலங்கி வருகிறதா? உள்ளே பெரிய குழாய் இருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் தெளிவாக வருகிறதா? நுண்பிளவுகள் வழியே மெல்ல வடிந்து வருகிறது. குறைந்தது ஒரு மழைக்காலமாவது அளந்து பார்க்க வேண்டும். தண்ணீர் மறையும் குழியில் யுரனின் சாயத்தைக் கரைத்துவிட்டு எந்த ஊற்றில், எத்தனை மணி நேரத்தில் பச்சை தலைகாட்டுகிறது என்று பார்த்தால், மலைக்குள் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஓட்டம் உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டினால், எந்த இடத்தில் கவனம் வைப்பது என்பதும் கிடைத்துவிடும். சுற்றியுள்ளவர்கள் குடிக்கும் தண்ணீர் என்றால் முன்கூட்டியே சொல்லி, அனுமதி வாங்கிச் செய்யுங்கள்.

போர்ஹோலில் லூஜியான் சோதனை (அழுத்தத்தோடு நீரைச் செலுத்திப் பாறை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது) செய்திருப்பீர்கள். ஒரு லூஜியான் என்றால் 10 பார் அழுத்தத்தில் மீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர். சுண்ணாம்புக்கல்லில் ஒரே எண்ணை எழுதுவது வீண். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, அதே படிகளில் இறக்கி, ஐந்து அளவும் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். அழுத்தத்தை இறக்கி வரும்போதும் உறிஞ்சுதல் கூடிக்கொண்டே போனால் பிளவில் இருந்த களிமண் கழுவிப் போகிறது என்று அர்த்தம். இன்று அடைத்துக்கொண்டிருக்கும் பிளவு, சுரங்கம் தோண்டி நீரோட்டம் மாறியதும் திறந்துகொள்ளும் என்பதற்கு அது முன்னெச்சரிக்கை. அழுத்தமே ஏறவில்லை என்றால் 'சோதனை தோல்வி' என்று எழுதுகிறார்கள். அதைவிடப் பெரிய தகவல் வேறு என்ன வேண்டும்?

திறந்த துளையில் நீர்மட்டம் அளப்பதையும் நம்பாதீர்கள். மேல் நீரும் கீழ் நீரும் கலந்த ஒரு மட்டத்தைக் காட்டும். பகுதி பகுதியாக அடைத்து பீசோமீட்டர் (நீரழுத்தம் அளக்கும் கருவி) வையுங்கள்.

இத்தாலியின் கிரான் சாசோ மலையில் நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டியபோது, 1970-இல் சுண்ணாம்புக்கல் நீர்த்தேக்கத்தை உடைத்துக்கொண்டு போனார்கள். மலைக்குள் நீர்மட்டம் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கியது, சுற்றிலும் ஊற்றுகள் மெலிந்தன. சுரங்கத்தில் வடியும் நீரைக் குழாயில் பிடித்து இன்றும் குடிநீராகக் கொடுக்கிறார்கள். சுரங்கத்துக்குத் தண்ணீர் என்ன செய்யும் என்று மட்டும் கேட்டுவிட்டு, தண்ணீருக்குச் சுரங்கம் என்ன செய்யும் என்பதை எழுதாத அறிக்கை பாதி அறிக்கை.

ஷீல்டு (செவ்வாய், இரவு 10:05)

டிபிஎம் (சுரங்கம் குடையும் இயந்திரம்) பக்கத்திலிருந்து இரண்டு வரி. கோலாலம்பூர் அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் கார்ஸ்ட்டின் உச்சம். 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் அதற்குள்தான் போகிறது, 13.2 மீட்டர் விட்டமுள்ள ஸ்லரி (தோண்டும் முகப்பைக் குழம்பின் அழுத்தத்தால் தாங்கும்) இயந்திரங்கள். அங்கே வெட்டுத்தலையின் பாதி பாறையிலும் பாதி சேற்றிலும் இருக்கும். குகை வந்தால் ஸ்லரி அதற்குள் ஓடிவிடும், முகப்பில் அழுத்தம் போய்விடும், மேலே தரையில் குழி விழும். பிறகு மெட்ரோ வேலைக்கு வந்தபோது, ஸ்லரியின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் புதுவகை இயந்திரத்தையே அந்த மண்ணுக்காக உருவாக்கினார்கள்.

கணக்கன் (செவ்வாய், இரவு 10:20)

அவர் வெடிவைத்துத் தோண்டுகிறார் ஷீல்டு. :)

ஷீல்டு (செவ்வாய், இரவு 10:31)

தெரியும். வெடிவைப்பதில் ஒரு வசதி உண்டு, முகப்பைக் கண்ணால் பார்க்கலாம், முன்னால் எத்தனை துளை வேண்டுமானாலும் போடலாம். அதைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

அலைவரி (புதன், காலை 9:15)

இந்நேரம் யாராவது "ஜியோபிசிக்ஸ் செய்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று சொல்லியிருப்பார்கள் என்று பயந்துகொண்டே வந்தேன். நல்லவேளை.

அது என் பிழைப்பு, இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன். 170 மீட்டர் ஆழத்தில் இரண்டு மீட்டர் குகையைத் தரைமேலிருந்து எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. ஆழம் கூடக்கூடப் படம் மங்கும். மின்தடைப் படத்தில் திடமான சுண்ணாம்புக்கல் ஆயிரம் ஓம்-மீட்டருக்கு மேல் காட்டும், ஈரக் களிமண் நூறுக்குக் கீழே காட்டும். இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்பதால் 25–30 மீட்டர் ஆழமுள்ள நுழைவாய்ப் பகுதிகளுக்கு அருமையான முறை. காற்று நிரம்பிய குகையில்தான் சிக்கல். அதுவும் அதிகத் தடை காட்டும், நல்ல பாறையும் அதிகத் தடை காட்டும். படத்தில் சிவப்பாக, அதாவது அதிகத் தடையாகத் தெரிகிறது, பாறை சூப்பர் என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தரை ஊடுருவும் ரேடார் களிமண் மூடிய தரையில் சில மீட்டர் போவதற்குள் செத்துவிடும்.

ஆழமான பகுதிக்கு, இருக்கிற துளைகளையே பயன்படுத்துங்கள். டெலிவியூவரை இறக்கினால் துளையின் சுவர் முழுக்கப் படமாக வரும். கோர் பெட்டிக்கு வராததும் அதில் தெரியும், 61–64-இல் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரே நாளில் பதில். கேசிங் (துளைக்குள் இறக்கும் காப்புக் குழாய்) போட்டிருந்தால் மட்டும் பார்க்க முடியாது. பக்கத்தில் இன்னொரு துளை போட முடிந்தால் இரண்டுக்கும் நடுவே நில அதிர்வுப் படம் எடுக்கலாம்.

கல்லுளி (புதன், காலை 11:40)

எல்லோரும் குகையிலேயே நிற்கிறீர்கள். கோர் முழுவதும் சுண்ணாம்புக்கல்தானா என்று யாராவது பார்த்தீர்களா? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். டோலமைட் அப்படியே விட்டால் சோம்பிக் கிடக்கும், சுரண்டித் தூளாக்கி விட்டால் நுரைக்கும். நடுவே களி கலந்த மார்ல் படுகை இருந்தால் தண்ணீர் பட்டதும் உதிரும், படுகைகள் வழுக்குவதே அங்கேதான். செர்ட் (கடினமான சிலிக்கா கல்) முடிச்சுகள் இருந்தால் டிரில் பிட் தேயும்: கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3, செர்ட் 7. ஜிப்சமோ அன்ஹைட்ரைட்டோ தென்பட்டால் தனியாக ஒரு இழையே தொடங்குங்கள், கான்கிரீட்டையே தின்றுவிடும்.

முகப்பு (புதன், இரவு 9:00)

நான் தோண்டும் பக்கத்து ஆள். தரைமேலிருந்து எவ்வளவு ஆராய்ந்தாலும் கடைசிப் பரிசோதனை முகப்பில்தான். அறிக்கை அதை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவராவிட்டால் நாங்கள் செய்ய மாட்டோம், வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முன்துளைக்கும் வேலை நிற்கும், நிற்கும் மணிக்குப் பணம் யார் தருவது என்று எழுதியிருக்க வேண்டும். 'தேவைப்பட்டால் முன்துளை' என்று எழுதினால் தேவை ஒருநாளும் படாது.

எங்கள் பழக்கம் இது. முகப்பிலிருந்து 25–30 மீட்டர் முன்னால் துளை, அடுத்த சுற்றைத் தொடங்கும்போது பழைய துளையில் 5 மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று போட்டுவிட்டுத் திருப்திப்படக்கூடாது. மேலே, இரு பக்கமும், கீழே என்று வெளிப்புறமாகச் சாய்த்துப் போட வேண்டும். தளத்துக்கு அடியில் இருப்பதை எல்லோரும் மறப்பார்கள், நாளைக்கு லாரி போகும்போது அது ஞாபகப்படுத்தும். எல்லாத் துளையிலும் கோர் எடுக்கத் தேவையில்லை. ஜம்போவிலேயே (முகப்பில் துளை போடும் வண்டி) அடித்துத் துளைக்கும் வேகம், சுழல் அழுத்தம், தண்ணீரின் நிறம் ஆகியவற்றைப் பதிந்தால் போதும். நீரழுத்தம் எதிர்பார்க்கும் பகுதியில் துளைவாயில் குழாயைச் சிமெண்டால் பதித்து வால்வு மாட்டாமல் துளைக்கவே கூடாது. சீனாவில் யிச்சாங்–வான்சோ ரயில் பாதை வேலையில் 2006-இல் மாலுச்சிங் சுரங்கத்திலும் 2007-இல் யேசான்குவான் சுரங்கத்திலும் நீரும் சேறும் பாய்ந்து உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். அந்த வேகத்தில் வந்தால் ஓடித் தப்ப நேரம் கிடையாது.

குகை வந்தால் திட்டமே போச்சு என்றும் இல்லை. குரோஷியாவின் வ்ராட்டா சுரங்கத்தில் பெரிய குகை ஒன்று குறுக்கிட்டது. சுரங்கத்துக்கு உள்ளேயே 58 மீட்டர் பாலம் கட்டிக் கடந்தார்கள். கான்கிரீட் கொட்டி அடைத்திருந்தால் நீர்வழியையும் சேர்த்து அடைத்திருப்பார்கள்.

இளம்பாறை (பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிறு, மாலை 6:30)

திரும்பி வந்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ரிக்மேன் அண்ணே, அந்த ஆளைப் பிடித்துவிட்டேன். நோட்டு வைத்திருந்தார். பென்சிலில் எழுதியிருக்கிறார்: "61.3-இல் ராட் இறங்கியது, ஒரு முழம். பிறகு மெத்து. பழுப்புத் தண்ணீர். 63.6-இல் கல்." அதாவது மேலே அரை மீட்டர் போல வெற்றிடம், கீழே ஏறக்குறைய இரண்டு மீட்டர் களிமண். பெட்டியிலும் கீழ்த்துண்டின் முனை வழவழப்பு, பழுப்புக் கறை. மேல் முனை கூராக இருக்கிறது, அது புரியவில்லை. டெலிவியூவர் இறக்கப் பார்த்தோம், 58 மீட்டரில் துளை அடைத்துக்கொண்டுவிட்டது.

ஆறாம் துளைக்கு 300 மீட்டர் தள்ளி மலைமேல் மூன்று குழிவுப் பள்ளங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. பழைய வான்படத்தில் தெளிவாகத் தெரிகிறது, நேரில் புதர் மூடியிருந்ததால் நாங்கள் கவனிக்கவே இல்லை. அந்த வரிசையை நீட்டினால் நான்காம் துளைக்குப் பக்கத்தில் பாதையை வெட்டுகிறது. ஊற்றின் மட்டம் சுரங்கத் தளத்தைவிட 14 மீட்டர் கீழே. சாயச் சோதனை மழைக்குப் பிறகுதான்.

அறிக்கையில் 67-ஐ வைத்திருக்கிறேன். பக்கத்தில் கார்ஸ்ட் வகுப்பு, நுழைவாய்ப் பகுதிகளுக்கு மூன்று, நடுவே அந்த வரிசை வெட்டும் 200 மீட்டருக்கு நான்கு. 61–64-ஐச் சராசரியிலிருந்து வெளியே எடுத்துத் தனி வரியில் எழுதினேன். முன்துளை அந்த 200 மீட்டருக்குக் கட்டாயம், நிற்கும் நேரத்துக்குத் தனி விலைப்பட்டியல். நான்கு சாய்வுத் துளை கேட்டேன், இரண்டுதான் கிடைத்தது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார், முகம் மட்டும் சரியில்லை.

கோர்பெட்டி (ஞாயிறு, இரவு 8:45)

மேல் முனை கூராக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. வெற்றிடத்தின் கூரை உள்ளுக்குள் இடிந்து மேலேறிக்கொண்டிருந்தால் அப்படித்தான் இருக்கும், புது உடைப்பு. அந்தக் களிமண்ணுக்குள் கல் துண்டு இருந்ததா என்று அவரிடம் கேளுங்கள். இருந்தால் அறிக்கையில் அந்த வரியையும் சேருங்கள்.

ரிக்மேன் (ஞாயிறு, இரவு 9:20)

ஒரு முழமா! என் ஆள்தான்.

தம்பி, சாய்வுத் துளைக்கு மூன்று விஷயம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். டிரிப்பிள் டியூப் பேரல் (நொறுங்கிய பாறையையும் சிதறாமல் எடுக்கும் மூன்று குழாய்ப் பேரல்). ஒரு ஓட்டம் (ஒரு தடவை துளைத்துக் கோர் எடுக்கும் நீளம்) ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். டெலிவியூவர் ஆள் வந்து இறக்கி முடிக்கும்வரை ரிக்கை நகர்த்தக்கூடாது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் சண்டை வரும்.